ஏழாம் காம்பராவுக்குச் சிமெந்து

இன்வர்ட்டர் செத்த அன்னைக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். இனிமே அதுக்கு யாரும் உயிர் குடுக்கக் கூடாது. செத்தது செத்ததாவே இருக்கட்டும்.

கொன்னது நான்தான். அத உங்ககிட்ட மட்டும் சொல்றேன். பூரணிகிட்ட இடி விழுந்துருச்சுன்னு சொல்லியிருக்கேன்.

பூரணி என் சம்சாரம். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறா. நான் சுதாகரன், ராகலையில ஆட்டோ ஓட்றேன். முந்தி நுவரெலியாவுல ஒரு முதலாளிகிட்ட, வெள்ளைக்காரங்கள ஏத்திக்கிட்டுச் சுத்துற வீட்டு வேன் ஓட்டினேன். உள்ளுக்குள்ளயே கட்டில், அடுப்பு, பிரிஜ் எல்லாம் இருக்கும். அந்த வேன் என்னைவிட ஒரு வயசுதான் எளசு. எஞ்சின் மொத்தமா போனதும் முதலாளி, "நீயே இழுத்துக்கிட்டுப் போ, எனக்கு நிப்பாட்ட எடமில்ல"ன்னாரு. கொண்டாந்து தோட்டத்துக் கிரவுண்டு ஓரத்துல நிப்பாட்டினேன். கோழி அடைக்கலாம்னு நெனச்சேன். இப்ப அதுல அடைஞ்சு கெடக்கிறது நாங்க மூணு பேரு. நான், பூரணி, ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற மக ஷாமிலா.

கோழி வேன்ல மனுசன் ஏன் இருக்கான்னு கேட்டா, மலை வெடிச்சிருச்சு. தோட்டத்தாளுக குடியிருக்கிற வரிசை வீட்டத்தான் லயம்பாங்க. எங்க பத்தாம் நம்பர் லயத்துக்குப் பின்னால தேயிலைக்கு நடுவால நீட்டா ஒரு வெடிப்பு. அது எறங்கி வந்து அந்த வரிசையில எங்க வீடான ஏழாம் காம்பராவோட பின்சொவத்துலயும் ஏறிருச்சு. மண்சரிவு பாக்கிற ஆபீசு ஐயாமாரு ஜீப்புல வந்தாங்க, பாத்தாங்க, சொவத்துல ஒரு செவப்புக் கடதாசி ஒட்டினாங்க. இங்க குடியிருக்கக் கூடாதாம். எங்க குடியிருக்கணும்னு அந்தக் கடதாசியில எழுதல.

எல்லாரையும் பள்ளிக்கூடத்துல வச்சாங்க. மூணு வாரத்துல பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க. எட்டுக் குடும்பம் வேற போக்கில்லாம திரும்ப லயத்துக்கே போயிருச்சு. நாங்க வேனுக்கு வந்தோம். அதே மாசம், கார்த்திகையில, மூணு மைல் தள்ளி இன்னொரு தோட்டத்துல மலை எறங்கி ஒரு லயமே போச்சு. பதினொரு பேரு. அதுல நாலு பேரத் தோண்டி எடுக்கவே முடியல.

இவ்வளவு தெரிஞ்சும் திரும்பிப் போகணும்னு நின்னியாடா மடையான்னு திட்டுவீங்க. திட்டுங்க. ஆனா வீரய்யா அண்ணன் சொன்னதயும் கேட்டுட்டுத் திட்டுங்க. அவரு நாலாம் காம்பராக்காரரு, திரும்பிப் போன எட்டுல ஒருத்தரு.

"காம்பரா பூட்டிக் கெடந்தா ஆபீசுல பேர வெட்டிருவானுங்க தம்பி. அப்புறம் நீ தோட்டத்தாளும் இல்ல, டவுனாளும் இல்ல."

அடையாள அட்டை, ஓட்டு, மகளோட பள்ளிக்கூடம், எல்லாத்துலயும் இருக்கிறது ஒரே விலாசம். பத்தாம் நம்பர் லயம், ஏழாம் காம்பரா. வேனுக்கு என்ன விலாசம்? நாலு டயருதான். அதுலயும் ரெண்டுல காத்தில்ல. பேர வெட்டிட்டா நான் யாரு? நெசமாவே பயந்துட்டேங்க.

பூரணிகிட்ட எடுத்துச் சொன்னேன்.

"விலாசம் முக்கியம் புள்ள."

"செத்தா மரணப் பத்திரத்துலயும் அதே விலாசம்தான் போடுவாங்க. அப்ப சந்தோசமா?"

இந்த மாதிரி வாய்கிட்ட என்னத்தப் பேசுறது?

அப்படி இருக்கிறப்பதான் ஒரு நாள் பகல்ல முதுகு பிடிச்சுக்கிச்சு. வேனுக்குள்ள நிமிந்து நின்னா தலை இடிக்கும், குனிஞ்சு நின்னா முதுகு பிடிக்கும். சுடுதண்ணியில குளிக்கலாம்னு வாளிக்குள்ள தண்ணி காய வைக்கிற கம்பியப் போட்டுச் சொருகிட்டேன். கூரைச் சோலாரு நெறைக்கிற பெட்டரியில ஓடுற அந்த இன்வர்ட்டரு ரெண்டு பல்பு, ஒரு பிரிஜ்ஜுக்கு மாத்திரம் பொறந்தது. கீ கீன்னு ஒரு கத்து. ஒரு கரிஞ்ச வாடை. அவ்வளவுதான். தண்ணி சுடவும் இல்ல.

அஞ்சு மணிக்கு பூரணி வந்தா.

"என்ன வாடை?"

"இடி விழுந்துருச்சு புள்ள. இன்வர்ட்டர் போச்சு."

"இன்னைக்கு மழையே இல்லியே?"

"மழையில்லாத இடி."

"வாளியில கம்பி நிக்குது?"

"அது… இடி தாங்கி."

அவ கம்பிய உருவி ஓரமா வச்சா. அப்பதான் எனக்குப் பளிச்சுன்னு ஒரு யோசனை. லயத்துல மெயின் கரண்டு இருக்கு. இங்க பத்து நாள் இருட்டுல கெடந்தா இவளே வாயத் தொறந்து, "வாங்க, லயத்துக்கே போயிருவோம்"னு சொல்லுவா. சொல்ல வச்சே தீரணும்னு அங்கதான் அந்த முடிவெடுத்தேன்.

மறுநாளே செத்த இன்வர்ட்டர உரப்பையில போட்டு என் கையில குடுத்துட்டா. ராகலை பசார்ல ராசிக் அண்ணனோட எலக்ட்ரிக் சாமான் கடை. அவரு தொறந்து பாத்தாரு, மோந்து பாத்தாரு.

"இது மவுத்தாகிருச்சு தம்பி. இதே சைசுல ஒண்ணே ஒண்ணு இருக்கு. கேளுங்க, பெட்டரியோட நெகட்டிவ் வயர மொதல்ல கழட்டணும், கடைசியாத்தான் மாட்டணும். பழைய வயரு மெலிசு, தடிச்சதா போடுங்க. பியூசு பெட்டரிக்குக் கிட்டவே இருக்கணும்."

நான் யோசிச்சேன். இத வாங்காம விட்டா கண்ணாடி அலுமாரியிலேயே இருக்கும். ஞாயித்துக்கெழமை பூரணி மரக்கறி வாங்க வருவா, கண்ணுல பட்டுரும். அதனால எடுத்து ஒளிச்சு வைக்கிறதுதான் புத்தி. வேணாம்னு நெனைக்கிற சாமான காசு குடுத்து வாங்கின ஒரே ஆம்பள இந்த ஜில்லாவுல நான்தான்.

"வீட்டுல சொல்லிறாதீங்க அண்ணே. திடீர்னு போட்டுக் காட்டணும்."

"நான் ஏன் சொல்லப் போறேன்!"ன்னாரு ராசிக் அண்ணன். அவரு சொல்லலதான். பின்னால ஸ்டூல்ல உக்காந்து வயர் சுத்திக்கிட்டிருந்த அவரு சம்சாரம் செரீபா அக்காவ நான் கணக்குல சேக்கல.

நேரா ஏழாம் காம்பராவுக்குப் போனேன். கூரைக்குக் கீழ சாமான் போடுற அட்டல்ல ஏறி, பழைய பாய்க்குப் பின்னால பெட்டிய வச்சேன். அங்க எவனும் வரமாட்டான். எறங்கி வந்து பூரணிகிட்ட, "கொழும்புல இருந்து வரணுமாம். கப்பல் லேட்டு"ன்னேன்.

"கப்பலா?"

"பெரிய கப்பல்."

"சரிங்க"ன்னா.

இருட்டு ஆரம்பிச்சுச்சு. பூரணி குப்பி லாம்ப ஏத்தினா. ஷாமிலா டிரைவர் சீட்டுல உக்காந்து, ஸ்டீரிங்குல புத்தகத்தச் சாச்சு வச்சு, போன் வெளிச்சத்துல படிச்சா. ரெண்டு நாளாச்சு, அஞ்சு நாளாச்சு. ஒரு மொனகல் இல்ல. நான்தான் பொலம்பினேன்.

"கண்ணு கெட்டுரும் புள்ளைக்கு. லயத்துல கரண்டு சும்மா கெடக்கு."

"நல்லாத்தான் படிக்குது."

"பிரிஜ் வேலை செய்யல. மீனு நாறிப்போகும்."

"எப்பங்க மீன் வாங்குனீங்க?"

பத்தாம் நாள் சாயந்தரம் ரொட்டி சுட்டுக்கிட்டே சொன்னா பாருங்க.

"சரிங்க. லயத்துக்கே போயிருவோம்."

எனக்கு ரொட்டி தொண்டையில அடைச்சிருச்சு. சந்தோசத்துலதான்.

"ஆனா ஒண்ணு. வெடிப்பு நின்னுருச்சு நின்னுருச்சுங்கிறீங்கல்ல?"

"எப்பவோ நின்னுருச்சு!"

"அப்ப பின்சொவத்து வெடிப்பு மேல, வெளிப்பக்கமா, சிமெந்து பூசுங்க. கையகலத்துக்கு நாலு எடத்துல. ஏழு நாள் பாப்போம். வெடிக்கலன்னா மூட்டையக் கட்டுறேன். வெடிச்சா அப்புறம் லயத்தப் பத்தி நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"இது எவன் போட்ட சட்டம்?"

"கடதாசி ஒட்ட வந்த ஐயா சொல்லிக் குடுத்தது. நீங்க அன்னைக்கு அவரு ஜீப்பச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

"யாரு போயி தெனமும் பாக்கிறது?"

"நீங்கதான். நான் கொழுந்து மலைக்குப் போகணும்ல? மழை பெஞ்சா போகாதீங்க. உள்ளுக்குப் போயி நிக்காதீங்க. பாத்துட்டு வந்துருங்க."

கள்ளன் கையிலயே சாவியக் குடுத்துட்டா! சிரிப்ப அடக்க நான் வெளிய போயி டயரு பாக்கிற மாதிரி நிக்க வேண்டியதாப் போச்சு.

மொத நாள் பத்து மணிக்குப் போயி, சிமெந்து கொழைச்சு, நாலு எடத்துலயும் அழகாப் பூசினேன். மறுநாள் போனேன். நாலும் நடுவால மயிரளவு கீறியிருந்துச்சு. சிமெந்து சரியில்லன்னு நெனச்சேன். சொரண்டி எறிஞ்சிட்டுப் புதுசாப் பூசினேன்.

"வெடிச்சிருச்சா?"ன்னு கேட்டா பூரணி சாயந்தரம்.

"ஒரு கோடு கூட இல்ல."

"நல்லது."

மூணாம் நாள் நகம் நொழைஞ்சிச்சு. சொரண்டினேன், பூசினேன். நாலாம் நாள் தீக்குச்சி நொழைஞ்சிச்சு. வீரய்யா அண்ணன் மாட்டுக்குப் புல்லு தூக்கிக்கிட்டு வந்தவரு நின்னுட்டாரு.

"என்னா தம்பி, தெனமும் பூசுற?"

"அழகுக்கு அண்ணே."

"பின்சொவத்துக்கு என்னா அழகு?"

"மலை பாக்குதுல்ல?"

நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. நாலாம் நாள் சாயந்தரமே மழை பிடிச்சு விடியக்காலைதான் விட்டுச்சு. அஞ்சாம் நாள் போனா சுண்டு விரலு உள்ள போகுது. அந்தச் சொவத்துக்கு உள்பக்கம், சரியா அந்த எடத்துலதான் ஷாமிலாவுக்குப் பாய் விரிப்போம். அவ தலை வைக்கிற எடம். நான் விரல வெளிய எடுத்துட்டு அப்படியே மண்ணுல குந்திட்டேன். அப்புறம் எழும்பிப் பூசினேன். என்ன செய்யிறது? பொய் சொல்லத் தொடங்கியாச்சு, பூசாம விட முடியுமா?

"வெடிச்சிருச்சா?"

"இ… இல்ல."

"ஏன் சாப்பிடல?"

"வயிறு மந்தம்."

ஆறாம் நாள் நான் பூசின சிமெந்து ரெண்டா ஒடைஞ்சு, ஒரு துண்டு மேலயும் ஒரு துண்டு ஒரு விரக்கடை கீழயும் நின்னுச்சு. சொவரு எறங்குது. வெடிப்பு விரியிறது ஒண்ணு, சொவரு எறங்கிறது வேற. டிரைவருக்கு அதுகூடத் தெரியாதா? அந்த எட்டுக் குடும்பமும் அதுக்குள்ளதான் சோறாக்கிக்கிட்டிருக்கு. முன்னால ரெண்டு சின்னதுக பந்து வெளையாடுது. போயிச் சொல்லணும். சொன்னா, "நீதானய்யா தெனமும் பூசி மறைச்சே?"ம்பாங்க. கோயில் வேலைக்கு வச்சிருந்த சிமெந்துல ஒரு சட்டி கடன் வாங்கி ஆறாவது தடவையும் பூசினேன். என்னைய நானே காறித் துப்பிக்கிட்டேன்.

ஏழாம் நாள் ஞாயித்துக்கெழமை. காலையில நான் கண்ணத் தொறந்தா பூரணி மூட்டை கட்டிக்கிட்டிருக்கா. சட்டி பானை, ஷாமிலாவோட புத்தகம், எல்லாம்.

"எழும்புங்க. ஏழு நாள் ஆச்சு. ஒரு கோடு இல்லன்னீங்க. வாங்க போவோம்."

"இன்னைக்கு நாள் நல்லால்ல புள்ள. அட்டமி."

"இன்னைக்குத் தசமிங்க."

"எனக்குத் தலை வலிக்குது."

"லயத்துல போயிப் படுங்க. கரண்டு இருக்கு, காத்தாடி போடலாம்."

"இந்தக் குளுருல காத்தாடியா?"

"ஷாமிலா, அந்தப் பாயச் சுருட்டும்மா. மொதல்ல ஒன் பாய விரிச்சிருவோம்."

அவ்வளவுதாங்க. பாயப் புடுங்கி வெளிய வீசிட்டு ஓன்னு அழுதுட்டேன். அம்பது வயசு ஆம்பள. "போகாதீங்கடி! அந்தச் சொவரு எறங்குது! நான் தெனமும் சொரண்டிட்டுத் தெனமும் பூசினேன்! பொய் சொன்னேன், பாவி நான்! பேரு போனாப் போகட்டும், என் புள்ளைய அங்க படுக்க வைக்காத!"

ஷாமிலாவும் அழுதுட்டா. பூரணி அழல. மூட்டைய எறக்கி வச்சா, போன எடுத்தா, என் கையில குடுத்தா. போட்டோ. ஏழாம் காம்பரா பின்சொவரு. என் சிமெந்து, நடுவால மயிரளவு கீறலு, பக்கத்துல அளவுக்கு ஒரு தீப்பெட்டி. அடுத்த போட்டோ, நகம் நொழையிற அளவு. அடுத்தது. அடுத்தது. மொத்தம் ஆறு. இன்னைக்கு விடிஞ்சு எடுத்தது கடைசி. அத என்னால பாக்க முடியல.

"நீ எப்படி…"

"தெனமும் வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது ஆறரை மணிக்கு எடுத்தேன். நீங்க பத்து மணிக்குத்தானே வந்து சொரண்டுவீங்க?"

"போனுக்குக் கரண்டு?"

"டிரைவர் சீட்டுக்கிட்ட சிகரெட்டு பத்த வைக்கிற ஓட்டை இருக்கே. அது நேரா பெட்டரியில இருந்து வருது. செரீபா அக்கா அதுக்கு ஒரு சார்ஜர் குடுத்தாங்க. எத்தன வருசங்க நீங்க டிரைவரா இருந்தீங்க?"

நான் திரும்பி அந்த ஓட்டையப் பாத்தேன்.

"அஞ்சு மாசமா அந்த ஐயாவுக்கு வெடிப்ப போட்டோ புடிச்சு அனுப்புறேன். பழைய வெடிப்புதானேம்பாரு. நீங்க தெனமும் புதுசாப் பூசுனீங்க பாருங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு விரியுதுன்னு அவருக்கே வெளங்கிருச்சு. நீங்க நேர்மையான ஆளா இருந்திருந்தா எனக்கு ஒரே ஒரு போட்டோதான் கெடச்சிருக்கும்."

அன்னைக்கு மத்தியானமே ஜீப்பு வந்துச்சு. கிராம சேவகரும் கூட வந்தாரு. எட்டுக் குடும்பத்தையும் கோயில் மண்டபத்துக்கு ஏத்தினாங்க. இந்தத் தடவ கடதாசியில எங்க போகணும்னும் எழுதியிருந்துச்சு. வீரய்யா அண்ணன் மட்டும் பேரு வெட்டிருவானுங்கன்னு திண்டாடிக்கிட்டு நின்னாரு. பூரணி போன நீட்டினா. ஆறு போட்டோவையும் பாத்தாரு. என்னையும் பாத்தாரு.

"அழகுக்கா பூசுன?"ன்னாரு. அதோட கெளம்பிட்டாரு. மாட்டை மட்டும் மண்டபத்துல கட்ட முடியாதுன்னு கொட்டில்லயே விட்டுட்டுப் போனாரு.

மலை புதன்கெழமை ரெண்டு மணிக்கு எறங்கிச்சு. மூணு நாள் விடாத மழை. கிரவுண்டுல நின்னு பாத்தோம். லொறியில கல்லு கொட்டுற மாதிரி ஒரு சத்தம் தொடங்கிச்சு, நிக்கவே இல்ல. தேயிலச் செடி நின்னபடியே நகந்து வந்துச்சு. அப்புறம் லயம் இருந்த எடத்துல லயம் இல்ல. யாரும் கத்தல. வீரய்யா அண்ணன்தான் மாட்டுப் பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிட்டாரு.

மறுநாள் காலையில பெரட்டுக் களத்துல, வேலைய மேற்பார்வை பாக்கிற கண்டாக்கு பேரு கூப்பிட்டாரு. நான் தோட்டத்து வேலையாள் இல்ல, வேலிக்கு வெளிய நின்னு கேட்டேன். பத்தாம் லயத்துப் பேரு வந்ததும் அவரு குரலு கொஞ்சம் எறங்கிச்சு. ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்துச்சு. ஒண்ணு விடாம வந்துச்சு. நான் வேலிக் கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுதேன். வெக்கமெல்லாம் இல்ல.

ஆனா ஒரு தனித் துக்கம் எனக்கு மட்டும் இருந்துச்சு. சிமெந்துக் கதைய ஒத்துக்கிட்டேன். இன்வர்ட்டர் கதைய ஒத்துக்கல. அது அட்டல்ல பாய்க்குப் பின்னால புத்தம் புதுசா மண்ணுக்குள்ள போயிருச்சு. இனி கப்பலக் கவுத்திட வேண்டியதுதான்னு நெனச்சுக்கிட்டு, மண்டபத்துல சாக்கு மூட்டை தூக்கிக் குடுத்துட்டு, பொழுது சாயுற நேரம் வேனுக்கு வந்தேன்.

வேன்ல லைட்டு எரியுது. பிரிஜ்ஜு ஓடுற சத்தம் கேக்குது. ஷாமிலா கட்டில்ல உக்காந்து கணக்குப் போடுறா. சீட்டுக்கு அடியில புது இன்வர்ட்டர். தடிச்ச வயரு. பியூசு பெட்டரிக்குக் கிட்டவே இருக்கு.

"கப்பல் வந்துருச்சுங்க"ன்னா பூரணி.

நான் அப்படியே படியில உக்காந்துட்டேன்.

"எப்ப எடுத்த?"

"மொத போட்டோ எடுத்த அன்னைக்கே, அட்டல்ல தேடி. நீங்க வேற எங்க ஒளிப்பீங்க? நீங்க வாங்குன அன்னைக்கே செரீபா அக்கா போன் பண்ணிட்டாங்க. நெகட்டிவ்வ கடைசியா மாட்டணும்னும் அவங்கதான் சொன்னாங்க."

"அப்ப அன்னைக்கே போட்டிருக்கலாம்ல? இத்தன நாளு இருட்டுல கெடந்தோமே!"

"போட்டிருந்தா நீங்க அப்புறமும் சிமெந்து பூசப் போயிருப்பீங்களா?"

போயிருக்க மாட்டேன். ஒத்துக்கிட்டேன். அவ ஒரு கோப்பை சாயத்தண்ணி குடுத்தா. சூடா இருந்துச்சு. குடிச்சிட்டு, உள்ளுக்குள்ள கெடந்து அரிச்சத மெதுவாக் கேட்டேன்.

"ஆபீசுல நம்ம பேரு…?"

"எங்க வெட்டுனாங்க? திரும்பிப் போயி இருந்திருந்தாத்தான் ஐயா காணி லிஸ்டுல சேக்க மாட்டேன்னு சொல்லியிருந்தாரு. இப்ப அந்த எட்டுக் குடும்பமும் வெளிய வந்துட்டதால ஒம்போது குடும்பத்துக்கும் மேக்கணக்குல, தோட்டத்து மேல்பிரிவுல, காணி. மொத பேரே நம்மளதுதான்."

எனக்கு நெஞ்சு நெறைஞ்சிருச்சு. "குடும்பத் தலைவர் சுதாகரன்னுதானே?"

"பூரணின்னு. நான்தானே தோட்டத்தாளு."

"அப்ப என் பேரு எங்கயுமே இல்லியா புள்ள?"

"ஏன் இல்லாம? வீடு கட்டுறப்ப ஒம்போது வீட்டுக்கும் சும்மா சிமெந்து பூசிக் குடுக்க ஆள் இருக்கான்னு கேட்டாங்க. அந்த லிஸ்டுல உங்க பேரு மட்டும்தான் இருக்கு."